முப்பதாவது பெயர்

நிலநடுக்கப் பயிலரங்கின் மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு ஈப்போ ஹோட்டல் வாசலில் பஸ் வந்து நின்றபோது, முப்பது பேரில் பதினேழு பேர்தான் இறங்கி வந்திருந்தார்கள். மீதிப் பதின்மூன்று பேர் எங்கே என்று பெர்னடெட்டிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விரல் விட்டுச் சொல்லியிருப்பாள். ஆறு பேர் இன்னும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் நேற்றுக் குழுப்படம் எடுத்து முடித்த கையோடு வீட்டுக்கே போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை. ஒருவருக்குக் குளியலறைக் கதவு திறக்கவில்லை. அதற்கும் பெர்னடெட்டுக்குத்தான் போன் வந்தது.

அவள் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சின்ன நில ஆய்வு மையத்தில் ஆராய்ச்சி உதவியாளர். பதினோரு வருடமாக, வருடா வருடம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. நிலம் எங்கே பிளந்திருக்கிறது, எப்போது நகர்ந்தது, இனியும் நகருமா என்று மண்ணைப் பார்த்துச் சொல்வது அந்த மையத்தின் வேலை. “நம்ம நாட்டுல ஏது நிலநடுக்கம்?” என்று கேட்காத ஆளை அவள் இதுவரை சந்தித்ததில்லை. சுமத்திராவில் பூமி குலுங்கினால் ஈப்போவில் மாடி வீட்டு விளக்குகள் ஆடும். அன்றைக்கு மட்டும் பத்திரிகைக்காரர்கள் மையத்துக்குப் போன் போடுவார்கள். மறுநாள் விளக்கும் நின்றுவிடும், போனும் நின்றுவிடும்.

பயிலரங்குக்கு வந்தவர்கள் கழுத்தில் வெள்ளை அட்டை. அவள் கழுத்தில் மஞ்சள் அட்டை. அதில் ‘உருசெத்தியா’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. உருசெத்தியா என்றால் ஏற்பாட்டுக் குழு. குழு என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. அழைப்பு அனுப்பியது, அறை பிடித்தது, பதாகை அடித்தது, யாருக்குச் சைவம் யாருக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று கேட்டு எழுதிக்கொண்டது, இந்தோனேசியாவின் பண்டுங் நகரிலிருந்து வந்த பயிற்சியாளரை விமான நிலையத்தில் காத்திருந்து கூட்டி வந்தது எல்லாம் ஒருத்திதான். அந்த ஒருத்திக்கு மூன்று நாளாகக் குதிகால் வலி உயிர் போனது.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு நிலப்பிளவைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. அரசாங்க வேலையில் வருடத்துக்கு இத்தனை நாள் பயிற்சிக்குப் போனதாகக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு சிஜில், அதாவது சான்றிதழ், வேண்டும். அது நிலநடுக்கச் சிஜிலாக இருந்தால் என்ன, முதலுதவிச் சிஜிலாக இருந்தால் என்ன. பெர்னடெட் அவர்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்வதானால் தன்னைத்தான் முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும். நடந்தது அப்படி.

இந்தப் பயிலரங்கில் ஒரு பரிசு இருந்தது. வந்தவர்களில் ஒருவரைப் பயிற்சியாளர் டாக்டர் வுலான் தேர்ந்தெடுத்துப் பண்டுங்கில் உள்ள தன் ஆய்வகத்துக்கு வரும் ஜனவரியிலிருந்து ஆறு மாதம் அழைத்துக்கொள்வார். குழி வெட்டி, மண் அடுக்குகளைப் படித்து, பழைய நிலநடுக்கங்களைக் கண்டுபிடிக்கும் வித்தையை அடியிலிருந்து நுனிவரை கற்றுத் தருவார்கள். தேர்ந்தெடுக்கும் நாளில் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். பெர்னடெட்டுக்கு வரும் நவம்பரில் நாற்பது.

இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு அவள் ஏற்கெனவே நான்கு முறை விண்ணப்பம் போட்டவள். ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கிற கடிதம் தாமதமாகி, கடைசி நாள் கடந்துவிட்டது. ஒரு முறை இடமே கிடைத்தது. அந்த வருடம் கோவிட். மற்ற இரண்டு முறையும், முறையான பயிற்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று பதில் வந்தது. பயிற்சிக்குப் போகப் பயிற்சி வேண்டுமாம். எனவே அவளாகவே படித்தாள். அடுத்தவர்கள் எழுதிய கட்டுரைகள், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த காணொளிகள், ஊர் ஊராக வெட்டிப் பார்த்த சாலையோரச் சரிவுகள். பார்க்கக் கற்றுக்கொண்டாள். பார்த்தது சரியா தப்பா என்று சொல்லத்தான் ஆளில்லை. மையத்தில் அவளைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் கிடையாது. அது அவளுக்குப் பெருமையாக இருந்த காலம் போய்ப் பயமாக மாறி நாளாயிற்று.

அதனால் இந்த முறை பங்கேற்பாளர் பட்டியலில் முதல் ஆளாகத் தன் பெயரைத்தான் தட்டியிருந்தாள். கணவன் ஐவனுக்குத் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலை, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். அவனிடமும் சொல்லிவைத்திருந்தாள். “நீ போ லா. ஆறு மாசந்தானே. வாரத்துல அஞ்சு நாள் தனியாத்தானே கெடக்குறேன், பழகிப் போச்சு” என்று அவனும் சம்மதம் சொல்லியாயிற்று.

மூன்று வாரத்துக்கு முன்பு மையத்தின் தலைவர் டாக்டர் கார்த்திகேசு போன் செய்தார்.

“பெர்னா, ஒரு ஆள் கூடுது. சாலைத் துறையிலேருந்து ராட்னின்னு ஒரு பையன். பெரிய எடத்துல சொல்லி அனுப்புறாங்க, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா முப்பதுக்கு மேல ஸ்பான்சர் விடமாட்டான்.”

“அப்ப யாரு பேரைத் தூக்குறது டாக்டர்?”

மறுமுனையில் பேச்சில்லை. டாக்டர் கார்த்திகேசு கெட்ட மனிதர் அல்லர். யாரையும் அதட்டமாட்டார், யாருக்கும் தீங்கு நினைக்கமாட்டார். சங்கடமான இடம் வந்தால் சும்மா இருந்துவிடுவார், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் யாராவது ஒருத்தர் வந்து விழுந்துவிடுவார்கள். பதினோரு வருடமாக விழுந்து விழுந்து பழகியவள் அன்றைக்கும் விழுந்தாள்.

“என் பேரை உருசெத்தியாவுல போட்டுக்கிறேன் டாக்டர். நான் எப்படியும் அங்கதானே இருப்பேன்.”

“பாகுஸ்! ரொம்ப நல்லது” என்றார் அவர். நிம்மதியாக வைத்துவிட்டார்.

இதில் அவளுக்குத் தியாகம் செய்கிற நினைப்பெல்லாம் துளியும் இல்லை. அவள் வளர்ந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில், கல்யாணமானாலும் கோவிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புது நன்மை விருந்தானாலும், வீட்டுக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து அவள் பார்த்ததேயில்லை. வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, கடைசிப் பந்தியில், இருப்பதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். வீட்டு ஆளுக்கு இலை எங்கே போய்விடப்போகிறது? அந்த நினைப்பில் தன் கையாலேயே தன் பெயரை அழித்து, முப்பதாவது பெயராக ராட்னியைச் சேர்த்துப் பட்டியலை அனுப்பிவிட்டாள்.

முதல் நாள் திறப்பு விழாவில் டாக்டர் வுலான் விதிமுறையை வாசித்தார். ஸ்பான்சருக்கு அனுப்பிய பங்கேற்பாளர் பட்டியலில் உள்ள முப்பது பேரிலிருந்து மட்டுமே ஆள் எடுக்க முடியும். மண்டபத்தின் கடைசியில் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த பெர்னடெட் பாதியில் நிறுத்திவிட்டாள். தேநீர் இடைவேளையில் டாக்டர் கார்த்திகேசுவைப் பிடித்தாள்.

“அடடா” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பெர்னா.”

“அடுத்த வருஷம் எனக்கு நாப்பது ஆயிடும் டாக்டர்.”

“அப்படியா? பாத்தா தெரியலையே!” பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு கறிப்பாப் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த ராட்னி முதல் இரண்டு நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கினான். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம், காலில் அலுவலகச் சப்பாத்து. அவன் தலை தொங்குகிற ஒவ்வொரு முறையும், தன் நாற்காலியிலேயே அவன் உட்கார்ந்து தூங்குவதுபோல் பெர்னடெட்டுக்கு வயிறு எரிந்தது. தட்டி எழுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. உருசெத்தியாவின் கடமைகளில் அது இல்லை.

எட்டேகாலுக்கு ஒரு வழியாக இருபத்தாறு பேரையும் ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. பத்து காஜா ஊரைத் தாண்டி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றிக்கொண்டு, ஒரு தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில் போய் நின்றது. தோட்டம் என்பது பெயருக்குத்தான். ரப்பர் பால்மரங்களை வெட்டி முடித்துவிட்டார்கள். வரப்போகிற வீடுகளின் படம் போட்ட பெரிய பலகை ஒன்று வழியில் நின்றது. அந்த வீடுகள் வரப்போகும் நிலத்தின் குறுக்கேதான் பெர்னடெட்டின் பிளவுக் கோடு போகிறது.

அவளுடைய கோடு என்றுதான் சொல்ல வேண்டும், கண்டுபிடித்தவள் அவள். வானிலிருந்து எடுத்த நில வரைபடத்தை வருடக்கணக்கில் உற்றுப் பார்த்து, மூன்று சிற்றோடைகள் ஒரே கோட்டுக்கு வந்ததும் ஒரே பக்கமாக வளைந்து போவதைக் கவனித்தாள். ஓர் ஓடை வளைந்தால் அது ஓடையின் இஷ்டம். மூன்றும் சேர்ந்து வளைந்தால் கீழே நிலம் நகர்ந்திருக்கலாம். மேம்பாட்டு நிறுவனத்திடம் நடையாய் நடந்து, பத்து நாளுக்கு மட்டும் குழி வெட்ட அனுமதி வாங்கினாள். எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிற சன்னாசி அண்ணன் இரண்டு நாளில் இருபதடி நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாக, சரியாதபடி படிகள் விட்டு வெட்டிக் கொடுத்தார். சுவரைச் சுரண்டி வழித்து, ஆணியடித்து நூல் கட்டிக் கட்டமாகப் பிரித்தது பெர்னடெட். இன்று மாலைக்குள் குழியை மூடிவிட வேண்டும். அதுவும் நிபந்தனை.

டாக்டர் வுலான் குள்ளமான, அதிகம் சிரிக்காத பெண்மணி. குழியின் விளிம்பில் நின்று நிதானமான மலாயில் சொன்னார். “எல்லாரும் இந்த நான்கு மீட்டர் சுவரை வரையுங்கள். பார்ப்பதை வரையுங்கள், நினைப்பதை வரையாதீர்கள். உங்கள் தாளைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டு மணி வரைக்கும் நேரம்.”

ஆறாறு பேராக இறங்கினார்கள். குழிக்கு வெளியே பெர்னடெட்டுக்குத் தலைக்கு மேல் வேலை. கூடாரக் கயிறு அவிழ்ந்தது. கழிப்பறை வண்டிக்குத் தண்ணீர் வரவில்லை. ஒரு மேடத்தின் காலணி சேற்றில் மாட்டிக்கொண்டது, கால் மட்டும் வந்தது. கொசுத் தைலம் எங்கே, குடை எங்கே, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“அக்கா!” குழிக்குள்ளிருந்து தனேஷ் கூப்பிட்டான். அவளுடைய மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான பையன். வெள்ளை அட்டைக்காரன். “இந்தச் சரளைக்கல்லு வரிசை இங்க வந்து நின்னுடுச்சுக்கா. அப்பறம் எங்க போச்சுன்னே தெரியல.”

அவள் பேசாமல் போயிருக்கலாம். நான்கு நாள் அந்தச் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தவளுக்கு அது முடியவில்லை. “கீழ பாரு லா. ஒரு முழம் எறங்கி நிக்குது பாரு. நடுவுல சாம்பல் களிமண்ணு சாய்வா போகுதுல்ல, அதான் பிளவு. அதைப் புடிச்சுக்கிட்டே மேல போ.”

வாயைக் கொடுத்தாயிற்று. தனேஷ் பக்கத்தில் நின்ற தினேஸ்வரி என்ற பெண்ணும் தன் தாளை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். விளிம்பில் குந்திக்கொண்டு பெர்னடெட் ஒவ்வொருவருக்கும் காட்டினாள். பிளவு மேல் மண் வரைக்கும் ஏறுகிறது, அதாவது கடைசியாக ஆடியது ரொம்பக் காலத்துக்கு முன்பு இல்லை, பாருங்கள் இங்கே நிறம் மாறுகிறது. ஒரு கட்டத்தில் தினேஸ்வரியின் பென்சிலை வாங்கி அவளே அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினாள். அந்தக் கால்மணி நேரம் குதிகால் வலி தெரியவேயில்லை.

ஒன்றரைக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். குழிக்குள் ராட்னி மட்டும் நின்றிருந்தான். சப்பாத்தெல்லாம் சேறு. அவள் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

“சாப்புடுங்க தம்பி. ஆறிப் போகுது.”

“இருங்கக்கா. ஒரு எடம் புரியல.”

“நான் சொல்லவா?”

“வேணாக்கா. நானே பாத்துக்கிறேன்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தூங்குமூஞ்சிக்கு ரோசத்தைப் பார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கூடாரத்தில் டாக்டர் வுலான் தாள்களை மேசையில் பரப்பினார். பாதித் தாள்கள் நாலு கோட்டோடு நின்றிருந்தன. சிலர் நேற்றைய பாடப் படத்தையே வரைந்து வைத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நான்கு தாள்களை ஒன்றாக வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இவை நான்கும் நன்றாக இருக்கின்றன. ஆனால் நான்கையும் பார்த்தது ஒரே கண். யாருடைய கண்?”

தனேஷ் தரையைப் பார்த்தான். தினேஸ்வரி தனேஷைப் பார்த்தாள். பெர்னடெட் தண்ணீர்ப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“என்னோடதுதான் டாக்டர். அவங்க மேல தப்பில்ல. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.”

டாக்டர் வுலான் அவளுடைய மஞ்சள் அட்டையைப் படித்தார். “என்னோடு வாருங்கள்” என்று சொல்லிக் குழிக்குள் இறங்கினார்.

கீழே ஈரமண் வாசனை. டாக்டர் வுலான் சுவரின் மேல்பகுதியில் விரலை வைத்தார். “இந்தக் கோட்டை ஏன் இவ்வளவு உயரம் ஏற்றினீர்கள்?”

“மண் நிறம் மாறுது டாக்டர். இது வரைக்கும்.”

“மாறுகிறது. தொட்டுப் பாருங்கள்.”

தொட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் நார் போல் ஏதோ ஒட்டியது.

“வேர்” என்றார் டாக்டர் வுலான். “மரத்தின் வேர் அழுகிப் போன தடம். பிளவு இதற்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அல்லது நிற்கவில்லை, வேர் அழித்துவிட்டது. எதுவென்று இந்தச் சுவரை வைத்துச் சொல்ல முடியாது. நிலம் அண்மையில் நகர்ந்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். அதனால் கோடும் ஏறிவிட்டது.”

பால்மர வேர். பிறந்ததிலிருந்து இருபது வருடம் பால்மரத்தடியில் வளர்ந்தவள், ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தனக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாமல், நான்கு நாள் சுரண்டி, நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து, அவர்களையும் கெடுத்து வைத்திருக்கிறாள். காது வரைக்கும் சுட்டது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது சந்தோஷம்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் முறை. ஒரு ஆள் பக்கத்தில் நின்று, அவள் பார்த்த அதே சுவரைப் பார்த்து, இது தப்பு என்று சொல்லியிருக்கிறார். இன்னும் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

“உங்கள் பெயர் ஏன் பட்டியலில் இல்லை?”

“நான் உருசெத்தியா டாக்டர்.”

டாக்டர் வுலான் பெருமூச்சு விட்டார். கையிலிருந்த வேறொரு தாளை விரித்துக் காட்டினார். சுமாரான கை. கோடுகள் கோணல். ஆனால் வேர் இருந்த இடத்தில் பிளவுக் கோட்டை நிறுத்திவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று மலாயில் எழுதியிருந்தது.

“இருபத்தாறு பேரில் தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியவர் இவர் ஒருவர்தான். ராட்னி. இடம் அவருக்கு. உதவி வாங்கிய நால்வரை எடுக்க முடியாது, மற்றவர்கள் யாரும் தேறவில்லை.” தாளை மடித்தார். “அவர் வேண்டாம் என்று சொன்னால் இந்த இடம் வேறு நாட்டுக்குப் போகும். போகவிடாமல் உங்கள் பெயரை நான் ஸ்பான்சரின் குழுவுக்கு எழுதிப் பார்க்கிறேன். என் சொல்லைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், உறுதியில்லை. ஐந்து மணிக்கு நான் கிளம்ப வேண்டும். அதற்குள் அவருடைய கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவருடைய மறுப்பு.”

சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு ராட்னியைத் தேடிப் போனாள் பெர்னடெட். படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது உருசெத்தியாவின் வேலை. குழியோரத்தில் குந்தி, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“எனக்கா? விளையாடாதீங்கக்கா. ஆபீஸ்ல போன்னு சொன்னாங்க, வந்தேன். ராத்திரி ஷிப்டு முடிச்சு நேரா வந்ததால ரெண்டு நாளும் தூங்கிட்டேன், அதுக்கே உங்ககிட்ட சாரி சொல்லணும்னு இருந்தேன்.” கையைத் துடைத்துக்கொண்டான். “ஜனவரியா? என் வீட்டுக்காரி கிறிஸ்டினுக்கு அக்டோபர்ல குழந்தை பொறக்கப் போகுது. ஆறு மாசம் சுசா லா அக்கா, ரொம்பக் கஷ்டம். வேணாம்னு எழுதிடலாமா?”

பெர்னடெட் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எழுதிடுங்க தம்பி என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், உங்களுக்கு அடுத்து நான்தான் என்று சொன்னால் போதும். அவன் அந்த நொடியே விட்டுக்கொடுத்துவிடுவான், ஆள் அப்படித்தான் தெரிந்தான். ஆனால் கேட்டு வாங்குவது அவளுக்கு வராது.

“உங்க இஷ்டம் தம்பி” என்றாள்.

“அப்படிச் சொன்னா எப்படிக்கா? நீங்கதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. நீங்க போன்னா போறேன், வேணாம்னா வேணாம். ஆறு மாசம் அங்க என்னதான் பண்ணுவாங்க?”

சன்னாசி அண்ணன் இயந்திரத்திலிருந்து தலையை நீட்டினார். “யம்மா, மூடலாமா? மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வருது.”

“இருங்கண்ணே, பத்து நிமிசம்.”

இருப்பதைச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையிலேயே போதுமான கஷ்டம் இருந்தது.

“லேசுப்பட்ட வேலை இல்ல தம்பி. விடியறதுக்குள்ள குழியில எறங்கணும். மழை வந்தா ஏறணும், விட்டா எறங்கணும். நாள் பூரா சுவத்தைச் சொரண்டணும். விரலை மடக்க முடியாது. கொசு கடிக்கும், கால்ல அட்டை ஏறும்.”

“எங்கப்பா பால்மரம் சீவுனவரு. அட்டைக்கெல்லாம் பயமில்லக்கா.”

“ஒரு மாசம் சொரண்டி, கடைசில ஒண்ணுமே இல்லாமலும் போவும்.”

“அப்ப என்ன பண்ணுவாங்க?”

“ஒண்ணுமில்லன்னு எழுதுவாங்க.”

“எழுத விடுவாங்களா?” ராட்னி நிமிர்ந்து உட்கார்ந்தான். “எங்க ஆபீஸ்ல ஒரு ரோட்டைப் பாத்துட்டு, எதனால எறங்குதுன்னு தெரியலன்னு எழுதுனேன்க்கா. மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க. ஏதாவது ஒண்ணு எழுதுன்னாங்க.”

“அங்க அப்படி இல்ல தம்பி. தெரியலன்னா, தெரியறதுக்கு என்ன பண்ணலாம்னு உக்காந்து பேசுவாங்க. பத்தடி தள்ளி இன்னொரு குழி வெட்டுவாங்க. மண்ணுல மொளகு அளவுக்கு ஒரு கரித்துண்டு கெடைக்கும். அதை எடுத்துக் காலம் பாப்பாங்க. கரி இருக்குற மண்ணையும் பிளவு வெட்டிப் போயிருந்தா, அந்தக் கரிக்கு அப்பறம் பூமி ஆடியிருக்குன்னு அர்த்தம். வெட்டாம கீழேயே நின்னிருந்தா அதுக்கு முந்தி. அப்படியே ஒவ்வொரு அடுக்கா ஏறி வந்தா, ஆயிரம் வருசத்துல எத்தனை தடவை ஆடுச்சுன்னு சொல்லிடலாம். இனிமே வீடு கட்டுறவன்கிட்ட, இந்த எடத்தை விட்டுட்டுத் தள்ளிக் கட்டுன்னு சொல்லலாம்.”

கை தானாகக் காற்றில் அடுக்கு அடுக்காக வரைந்துகொண்டிருந்தது. தப்பான பக்கம் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கொசு, அட்டையோடு பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தடி என்று உள்ளுக்குள் சொல்லியும் பார்த்தாள். பதினோரு வருடமாகப் படித்துப் படித்து, கேட்க ஆளில்லாமல் சேர்த்து வைத்தது, இப்போது ஒருவன் கேட்கிறான் என்றதும் மடை திறந்துகொண்டது.

“நீங்க ஒரு கேள்விக்குறி போட்டீங்கல்ல? அங்க நான் கோடு போட்டிருந்தேன். தப்பு. இத்தனை நாள் என்கூட யாரு நின்னா, தப்புன்னு சொல்ல? இன்னிக்கு அந்தம்மா அஞ்சு நிமிசம் நின்னாங்க. அஞ்சு நிமிசத்துல நான் கத்துக்கிட்டது, பதினோரு வருசத்துல கத்துக்கல தம்பி. அங்க ஆறு மாசமும் பக்கத்துல ஆள் இருக்கும். உங்க கண்ணு எங்க ஏமாறுதுன்னு உங்களுக்கே காட்டிக் குடுப்பாங்க. அதுக்கு மேல என்ன வேணும் ஒருத்தருக்கு?”

தூசி போலிருக்கிறது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ராட்னி குழிக்குள் எட்டிப் பார்த்தான். தான் நின்று விழித்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினான். கிறிஸ்டினோடுதான் பேசுகிறான் என்று தெரிந்தது. ஏதோ சொன்னான், கேட்டான், தலையாட்டினான், ஒரு முறை சிரித்தான். மணி ஐந்தாகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பெர்னடெட் அசையாமல் நின்றாள்.

அவன் திரும்பி வந்து படிவத்துக்காகக் கையை நீட்டினான்.

“அவ அம்மா வீட்டுல இருந்துக்கிறாளாம். போயிட்டு வரச் சொல்லுறா.” தயங்கினான். “பேனா இருக்காக்கா?”

உருசெத்தியாவிடம் பேனா இல்லாமல் போகுமா? இடுப்புப் பையில் மூன்று இருந்தன. எழுதுகிற பேனாவாகப் பார்த்து எடுத்து, மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். இவன் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று இவ்வளவு நேரமும் தான் நம்பிக்கொண்டு நின்றது, பேனா கை மாறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.